ஸ்குவாஷ்எஃப்எஸ் சாதனம் எழவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

ரவுட்டர், உணவகத்தின் மெனு திரை, டிவி பாக்ஸ், லினக்ஸ் லைவ் யுஎஸ்பி. என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். வெளியே பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. உள்ளே எல்லாவற்றிலும் ஸ்குவாஷ்எஃப்எஸ். இயங்குதளம் முழுவதையும் சுருக்கி ஒரே இமேஜாகக் கட்டி, படிக்க மட்டும் விடும் கோப்பு முறைமை அது. 2009இல் லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 2.6.29 பதிப்பில் சேர்ந்த பிறகு, சின்னச் சாதனங்களில் எதைத் திறந்தாலும் இதுதான் கண்ணில் படுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் எழுத முடியாத பகுதி தானாகக் கெட்டுப்போகாது. இமேஜ் ஆரம்பத்திலேயே தப்பாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்குக் கீழே இருக்கும் ஃபிளாஷ், ரேம், கேபிள், மின்சாரம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பிசகியிருக்க வேண்டும். அதனால் எடுத்த எடுப்பில் ஃபெர்ம்வேரை, அதாவது சாதனத்துக்குள் இருக்கும் மென்பொருளை, மறுபடி ஏற்றாதீர்கள். ஏற்றினால் தடயம் போய்விடும். இரண்டு வாரத்தில் அதே கோளாறு திரும்பி வரும். பிழைச் செய்தியையும் அதில் வரும் பிளாக் எண்ணையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். திரையில்லாத சாதனம் என்றால், அது எழும்போது அனுப்பும் செய்திகளைக் கணினியில் படிக்க யுஎஸ்பி சீரியல் அடாப்டரும் வேண்டும்; சிங்கப்பூரில் சிம் லிம் டவர் கடைகளில் கிடைக்கும். 3.3 வோல்ட் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் வகையை மாட்டினால் சிப்பே போய்விடும். கிரவுண்ட், அனுப்பும் கம்பி, பெறும் கம்பி ஆகிய மூன்றும் போதும்; மின்சாரக் கம்பியை இணைக்கவே வேண்டாம். வேகம் பெரும்பாலும் 115200.

## டிஸ்க் 100 விழுக்காடு நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது

டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டிவிட்டுப் பதறி வருபவர்கள் நிறைய. ஓடுவது ஸ்குவாஷ்எஃப்எஸ் என்றால் அந்த 100 எப்போதும் 100தான். உள்ளே இருப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே இடம். காலி இடம் என்ற பேச்சே கிடையாது. உபுண்டுவில் ஸ்நாப் என்ற பெயர் வரும் வரிகளும், ரவுட்டரில் ரோம் என்ற வரியும் இப்படித்தான் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு, ஓவர்லே என்ற வரி, அதாவது நீங்கள் செய்யும் மாற்றங்கள் எழுதப்படும் பகுதி, நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிறைந்திருந்தால், அமைப்புகள் காணாமல் போகும் பகுதிக்குப் போங்கள்.

## "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று எழுத மறுக்கிறது

இந்த ஒரே வாசகத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மவுண்ட் கட்டளையை ஓட்டி, அந்த வரியில் எந்தக் கோப்பு முறைமையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

### வரியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்று இருந்தால்

நோய் இல்லை, அதன் இயல்பே அப்படி. எந்த ரீமவுண்ட்டும் உதவாது. ஒரு கோப்பை மாற்றியே தீர வேண்டும் என்றால், அன்ஸ்குவாஷ்எஃப்எஸ் வைத்து முழுவதையும் பிரித்து, மாற்றி, எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ் வைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டையும் ரூட் (நிர்வாகி) உரிமையில் செய்யுங்கள். சாதாரணப் பயனராகப் பிரித்தால் கோப்புகளின் உரிமையாளர் மாறிவிடும், டிவைஸ் கோப்புகள் வராது. பழைய இமேஜில் இருந்த அதே சுருக்கமுறை, அதே பிளாக் அளவு. கட்டிய பிறகு, பார்ட்டிஷனுக்குள் அடங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

### வரியில் எக்ஸ்ட்4 என்று இருந்தால்

இது வேறு விவகாரம். கெர்னல் ஏதோ பிழையைக் கண்டு, இனி எழுதினால் மோசமாகும் என்று தானே பூட்டியிருக்கிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில் எக்ஸ்ட்4 பிழை வரி இருக்கும். முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுங்கள், கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் அப்புறம். எஸ்டி கார்டாக இருந்தால் அந்தக் கார்டை இனி நம்ப வேண்டாம்.

## மாற்றிய அமைப்புகள் ரீபூட் செய்ததும் காணாமல் போகின்றன

வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாம் போட்டாயிற்று. மறுநாள் காலையில் பழையபடி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஃபெர்ம்வேர் போட்ட ரவுட்டர்களில் அடிக்கடி பார்க்கிறேன். படிக்க மட்டும் முடியும் இமேஜுக்கு மேலே, எழுதக்கூடிய ஓவர்லே ஒன்று விரிக்கப்பட்டிருக்கும். நீங்கள் மாற்றுவதெல்லாம் அங்கேதான் போகிறது. அது ஃபிளாஷில் உட்காராமல் ரேமில் உட்கார்ந்துவிட்டால் ரீபூட்டில் எல்லாம் போய்விடும். மவுண்ட் பட்டியலில் ஓவர்லேயின் எழுதும் பகுதி டெம்ப்எஃப்எஸ்ஸில், அதாவது ரேமில் வாழும் கோப்பு முறைமையில், இருந்தால், சந்தேகமே வேண்டாம், இதுதான்.

எளிய காரணம் முதலில்: புது ஃபெர்ம்வேர் ஏற்றிய உடனே அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். முதல் முறை எழும்போது, ஃபிளாஷில் எழுதக்கூடிய கோப்பு முறைமையான ஜேஎஃப்எஃப்எஸ்2 பகுதியைத் துடைத்துத் தயார்செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை தற்காலிகமாக ரேமில்தான் ஓடும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது, ஓவர்லே நிறைந்துபோவது. இங்கே பலர் ஏமாறுகிறார்கள். இடம் வேண்டும் என்று, கூடவே வந்த பேக்கேஜ்களை நீக்குவார்கள். நீக்கினால் ஒரு பைட்கூட மிச்சமாகாது. மூலக்கோப்பு இமேஜுக்குள் அப்படியே இருக்கும். "இது நீக்கப்பட்டது" என்ற குறிப்பு மட்டும் ஓவர்லேயில் சேரும். கூட வந்த பேக்கேஜை அப்டேட் செய்தால் இன்னும் மோசம்: பழையது உள்ளே, புதியது மேலே, இரண்டும் இடம் பிடிக்கும். தேவையில்லாததை விட்டுவிட்டு இமேஜையே புதிதாகக் கட்டுவதுதான் இதற்கு மருந்து.

மூன்றாவது, ஃபிளாஷ் மிகச் சிறியது. பூட் செய்திகளில் எரேஸ் பிளாக்குகள் (ஃபிளாஷில் ஒரே தடவையில் அழிக்கப்படும் துண்டுகள்) போதவில்லை என்ற வரி இருக்கும். ஜேஎஃப்எஃப்எஸ்2க்குக் குறைந்தது 5 எரேஸ் பிளாக் வேண்டும். 64 கிலோபைட் பிளாக் என்றால் 320 கிலோபைட். 4 மெகாபைட் ஃபிளாஷ் உள்ள பழைய ரவுட்டர்களில் அதற்கும் வழியிருக்காது.

எதுவும் சரிப்படவில்லை என்றால் ஓவர்லேயை மட்டும் துடையுங்கள். ஃபெயில்சேஃப் முறையில் எழுப்பி, 192.168.1.1 முகவரியில் நுழைந்து, ஃபர்ஸ்ட்பூட் கட்டளை கொடுத்தால் போதும். அடியில் இருக்கும் இமேஜுக்கு ஒன்றும் ஆகாது. துடைத்த மறுவாரமே திரும்பி வந்தால் ஃபிளாஷ் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

## எழவே இல்லை: கெர்னல் பேனிக், அல்லது "சூப்பர்பிளாக் கிடைக்கவில்லை"

கெர்னல் பேனிக் என்றால் கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது; சூப்பர்பிளாக் என்றால் இமேஜின் தொடக்கத்தில் அதன் விவரங்களைச் சொல்லும் பகுதி. சீரியலில் வரும் கடைசிப் பத்து வரிகளை நிதானமாகப் படியுங்கள். ரூட் கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற வரியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும். அந்த எண்கள் பாதி வேலையை முடித்துவிடும்.

### எண்கள் (0,0)

கெர்னலுக்குச் சேமிப்புச் சாதனமே தெரியவில்லை. இமேஜைக் குறைசொல்லிப் பயனில்லை. கெர்னலை ஏற்றும் முதல் நிரலான பூட்லோடரில் ரூட் என்று கொடுத்த பெயர் சரியா என்று பாருங்கள். எஸ்டி கார்டு, யுஎஸ்பி என்றால் கண்விழிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ரூட்வெயிட் என்ற சொல்லை கெர்னல் வரியில் சேர்த்தால் பல சமயம் அதோடு முடிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால், அந்தச் சாதனத்துக்கான டிரைவர் கெர்னலில் இல்லை.

### எண்கள் (31, ஏதோ ஒன்று) அல்லது (179, ஏதோ ஒன்று)

31 என்றால் ஃபிளாஷ் பார்ட்டிஷன், 179 என்றால் எஸ்டி கார்டு அல்லது இஎம்எம்சி (போர்டிலேயே பற்றவைத்த சேமிப்புச் சிப்). சாதனம் கிடைத்துவிட்டது, உள்ளே இருப்பதுதான் புரியவில்லை. முதலில் கெர்னலில் ஸ்குவாஷ்எஃப்எஸ் நேரடியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, தனி மாட்யூலாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாட்யூல் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கு உள்ளேயே இருந்தால், பூட்டின் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான்.

அது சரி என்றால், பார்ட்டிஷனின் முதல் நான்கு பைட்டை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பாருங்கள்.

68 73 71 73: சரியான இடம், சரியான கோப்பு முறைமை. கீழே "தொடக்கம் சரியாக இருந்தும்" என்று தொடங்கும் பத்திக்குப் போங்கள்.

73 71 73 68: பைட் வரிசை மாறிய பழைய வடிவம். இன்றைய கெர்னல் 4ஆம் பதிப்பை மட்டுமே படிக்கும்; அந்தச் சாதனத்துக்கு அதன் பழைய கெர்னலேதான் வேண்டும்.

55 42 49 23: இது நாண்ட் வகை ஃபிளாஷில் கெட்ட பிளாக்குகளைச் சமாளிக்கும் யுபிஐ என்ற அடுக்கு. ஸ்குவாஷ்எஃப்எஸ் அதற்குள் ஒரு வால்யூமாக இருக்கிறது. வெளியிலிருந்து நேராகப் படிக்க முடியாது. கெர்னல் வரியில் யுபிஐபிளாக் மூலம் காட்ட வேண்டும். நாண்ட்டில் யுபிஐ இல்லாமல் இமேஜை நேரடியாக எழுதினால் முதல் நாள் ஓடும். வழியில் ஒரே ஒரு கெட்ட பிளாக் வந்தாலும் அதற்குப் பின்னால் எல்லாமே இடம் தள்ளிப்போய்விடும்.

எல்லாம் எஃப்எஃப்: ஒன்றும் எழுதப்படவே இல்லை, அல்லது துடைத்துவிட்டு எழுதும்போது நின்றுவிட்டது.

வேறு ஏதாவது என்றால் இடம் தவறு. முழு ஃபிளாஷையும் நகலெடுத்து 68 73 71 73 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பார்ட்டிஷன் தொடக்கத்துக்கும் அந்த இடத்துக்கும் உள்ள தூரம்தான் நீங்கள் திருத்த வேண்டிய எண்.

தொடக்கம் சரியாக இருந்தும் மவுண்ட் ஆகவில்லையா? இமேஜ் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அன்ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை எஸ் என்ற தெரிவோடு ஓட்டினால் கோப்பு முறைமையின் உண்மையான அளவைச் சொல்லும். அதைக் கோப்பின் அளவோடும் பார்ட்டிஷனின் அளவோடும் ஒப்பிடுங்கள். கோப்பு சிறியதாக இருந்தால் டவுன்லோடு அரைகுறை. பார்ட்டிஷன் சிறியதாக இருந்தால் உங்கள் மாடலுக்கான இமேஜ் அது இல்லை. ஒரே பெயர், வேறு ஹார்டுவேர் பதிப்பு என்று வரும் ரவுட்டர்களில் இந்தத் தவறு சர்வசாதாரணம். பெட்டியை நம்பாதீர்கள், சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

## "இந்தச் சுருக்கமுறைக்கு ஆதரவு இல்லை"

குழப்பமே இல்லாத பிழை. இமேஜைக் கட்டியவர் ஒரு முறையில் சுருக்கினார், கெர்னலுக்கு அது தெரியவில்லை. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் சூப்பர்பிளாக்கின் 20ஆம் பைட்டில் விடை இருக்கிறது: 1 ஜிஜிப், 2 பழைய எல்இசட்எம்ஏ, 3 எல்இசட்ஓ, 4 எக்ஸ்இசட், 5 எல்இசட்4, 6 இசட்ஸ்டாண்டர்டு. எக்ஸ்இசட்டுக்குக் கெர்னல் 2.6.38, எல்இசட்4க்கு 3.19, இசட்ஸ்டாண்டர்டுக்கு 4.14 குறைந்தபட்சம் வேண்டும். கெர்னல் புதியதாக இருந்தும் பிழை வந்தால், கட்டும்போது அந்தத் தெரிவை விட்டுவிட்டிருக்கிறார்கள். கெர்னலைத் தொட முடியாத சாதனத்தில் இமேஜை ஜிஜிப்பில் திரும்பக் கட்டுங்கள். அளவு கொஞ்சம் கூடலாம்.

## ஓடிக்கொண்டே இருக்கும்போது "டீகம்ப்ரெஷன் ஃபெயில்டு, டேட்டா ப்ராபப்ளி கரப்ட்"

நான் அதிக நேரம் செலவழித்திருப்பது இந்த ஒரு வரியில்தான். இதைப் பார்த்ததும் எல்லோரும் இமேஜ் கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டுகிறார்கள். பல முறை அது உண்மையில்லை. சுருக்கிய பிளாக்கில் ஒரே ஒரு பிட் பிறழ்ந்தாலும் பெரும்பாலும் அந்த பிளாக்கையே விரிக்க முடியாது. அதனால் மற்ற கோப்பு முறைமைகளில் கண்ணில் படாமல் நழுவிப்போகும் சின்னப் பிசகு இதில் உடனே கத்திக் காட்டிக்கொடுக்கும்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் உணவகத்தில் மெனு திரைக்குப் பின்னால் ஒரு சின்ன பெட்டி. மத்தியான நேரத்தில் உறைந்துவிடும். "தம்பி, முந்தாநாள் இடி இடிச்சப்பவே போயிருச்சு. புதுசா சாஃப்ட்வேர் ஏத்திக் குடுத்துருங்க" என்றார் கடைக்காரர். "அண்ணே, பத்து நிமிஷம் குடுங்க. அது என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்த்துடுறேன்" என்றேன். மூன்று முறை எழுப்பினேன். மூன்று முறையும் அதே பிழை, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு பிளாக் எண். இமேஜில் ஓட்டை இருந்தால் அது இடம் மாறாது. அடாப்டரைத் தேடினேன். தோசைக்கல்லுக்கு நேர் மேலே, அலமாரியின் பின்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருந்தது. தொட்டால் கை சுட்டது. 12 வோல்ட் அடாப்டர். கழற்றி அளந்தால் 12.1. வீடியோ ஓடும்போது அளந்தால் 10.4. அடாப்டரை மாற்றி, குளிர்ச்சியான இடத்துக்கு நகர்த்தினேன். ஃபெர்ம்வேரை நான் தொடவே இல்லை.

அன்றிலிருந்து வரிசை இதுதான். மூன்று முறை எழுப்பி, ஒவ்வொரு முறையும் டிமெசேஜில் ஸ்குவாஷ் என்று வரும் வரிகளை எடுத்து, பிளாக் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

### ஒவ்வொரு முறையும் வேறு எண்

முதலில் மின்சாரம். சும்மா இருக்கும்போது அளப்பதால் பயனில்லை, வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். ராஸ்பெர்ரி பையில் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அதுவே எச்சரிக்கும். டிமெசேஜில் அண்டர்வோல்டேஜ் வரியைத் தேடுங்கள். மெல்லிய சார்ஜர் கேபிள்தான் அங்கே வழக்கமான குற்றவாளி.

அடுத்து வெப்பம். நம் ஊரில் சாதாரணமாகவே பகலில் 31, 32 டிகிரி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ரவுட்டரை டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவையும் மூடினால் உள்ளே இன்னும் எவ்வளவோ ஏறும். கதவைத் திறந்து வைத்து, சின்ன மின்விசிறியைத் திருப்பி, ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். பிழை நின்றுவிட்டால் விடை கிடைத்தது.

அப்புறம் ரேம். கணினி என்றால் மெம்டெஸ்ட்86பிளஸ்ஸை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ரேம் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் முதலில் அதை இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். சின்னச் சாதனத்தில் மெம்டெஸ்டர் போதும். ரேம் போர்டில் பற்றவைத்திருந்தால் சாதனத்தையே மாற்றுவதுதான் வழி.

### எப்போதும் ஒரே எண்

இப்போதுதான் இமேஜையும் ஃபிளாஷையும் சந்தேகப்பட வேண்டும். பார்ட்டிஷனைப் படித்து அதன் ஷா256 (தரவின் கைரேகை போன்ற எண்) எடுத்து, மூல இமேஜின் ஷா256 உடன் ஒப்பிடுங்கள். இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். பார்ட்டிஷன் முழுவதையும் படிக்காதீர்கள். இமேஜுக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கும், எண் பொருந்தவே பொருந்தாது. மூலக்கோப்பு எத்தனை பைட்டோ அத்தனை மட்டும் படியுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு முறையும் படிப்பதற்கு முன், கெர்னலின் டிராப்கேச்சஸ் என்ற கோப்பில் 3 எழுதி, ரேமில் தங்கியிருக்கும் நகல்களைக் காலிசெய்யுங்கள். இல்லையென்றால் மூன்று முறை படித்தாலும் ரேமில் இருக்கும் அதே நகலைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்று முறையும் மூலத்தோடு பொருந்தினால், ஃபிளாஷில் இருப்பது அச்சுப்பிசகாமல் அந்த இமேஜ்தான். இமேஜே கட்டும்போது கெட்டிருக்கலாம். மூல இமேஜை வேறு கணினியில் முழுவதும் பிரித்துப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் நின்றால் புது இமேஜ் வாங்க வேண்டும். சுத்தமாகப் பிரிந்தால் ரேம் பக்கம் திரும்புங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி, மூலத்தோடு மட்டும் பொருந்தாவிட்டால், எழுதியதில் பிசகு அல்லது ஃபிளாஷில் ஒரு மூலை போய்விட்டது. இப்போது தாராளமாக மறுபடி எழுதுங்கள், எழுதிய பிறகு மீண்டும் ஒப்பிடுங்கள். ஒரே எண் திரும்ப வந்தால் சிப் முடிந்தது. மூன்றும் மூன்று விதமாக வந்தால் மேலே சொன்ன மின்சாரம், வெப்பம் பகுதிக்குத் திரும்புங்கள்.

எஸ்டி கார்டுக்கும் யுஎஸ்பி டிரைவுக்கும் ஒரு விலக்கு உண்டு. அவற்றின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் தன் வசதிக்குத் தரவை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பக்கத்துப் பார்ட்டிஷனில் எழுதும்போது மின்சாரம் போனால், யாரும் தொடாத ஸ்குவாஷ்எஃப்எஸ் பார்ட்டிஷனும் அடிபடலாம். கார்டு என்றால் ஆராய்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். நல்ல கார்டில் எழுதிப் பாருங்கள், பத்து நிமிட வேலை. லைவ் யுஎஸ்பியும் அப்படியே: முதலில் ஐஎஸ்ஓவின் ஷா256, அப்புறம் வேறு டிரைவ், அப்புறம் வேறு போர்ட்.

## ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

இமேஜை எக்ஸ்இசட்டில் 1 மெகாபைட் பிளாக்காகக் கட்டியிருந்தால், ஒரு சின்னக் கோப்பைப் படிக்கவும் பெரிய பிளாக் ஒன்றை முழுவதும் விரிக்க வேண்டும். பலவீனமான சிப் திணறும். இடம் இருந்தால் 128 கிலோபைட் பிளாக்கில் இசட்ஸ்டாண்டர்டு அல்லது எல்இசட்4 வைத்துத் திரும்பக் கட்டுங்கள். முன்பு வேகமாக இருந்து இப்போது மெதுவானால் அது சுருக்கத்தின் குறை அல்ல. வெப்பமும் ரேம் பற்றாக்குறையும் பாருங்கள்.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

சுவரில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி சேவை நிறுவனத்துடையது. அதைத் திறக்காதீர்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். உத்தரவாதம் இருக்கும் எந்தச் சாதனத்துக்கும் இதே பேச்சுதான்.

சீரியலில் ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால் பூட்லோடரே போயிருக்கலாம். அப்படியானால் சிப்பை நேரடியாகப் புரோகிராமரில் எழுத வேண்டும். பழக்கமில்லாமல் இறங்காதீர்கள். சில ஃபிளாஷ் சிப்கள் 1.8 வோல்ட், சில மலிவான புரோகிராமர்களோ தரவுக் கம்பியில் 5 வோல்ட் அனுப்புகின்றன. இஎம்எம்சி மாற்றுவது வீட்டுச் சூடுகோலில் ஆகாத வேலை. அடாப்டரைத் தாண்டி 230 வோல்ட் பக்கம், அதாவது பிளக் பாயின்ட்டே சூடாகிறது, பொறி பறக்கிறது என்றால், உரிமம் பெற்ற மின் ஊழியரைத் தவிர யாரும் கைவைக்கக் கூடாது.

பழுதுபார்ப்பவரிடம் சாதனத்தோடு அந்தத் தாளையும் கொடுங்கள்: பிளாக் எண்கள், அளந்த வோல்ட், ஷா256 பொருந்தியதா இல்லையா. அது இருந்தால் அவர் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தேறாது என்று சொல்லிவிட்டால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மின்கழிவுத் திட்டம் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ரவுட்டரும் டிவி பாக்ஸும் அதற்கான தொட்டிகளில் போகும். போடுவதற்கு முன், எழும் நிலையில் இருந்தால், ரீசெட் பொத்தானை அழுத்தி ஓவர்லேயைத் துடைத்துவிடுங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல் அங்கேதான் இருக்கிறது.